மழைப் படத்தில் குறைந்த முத்து

அப்பாவுக்கு எங்கள் ஊரிலேயே மூன்று நாள் டூட்டி போட்டிருக்கிறார்கள் என்று கேட்டதும் நான் துள்ளிக் குதித்தேன். அப்பா பெங்களூரில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். கோலார் தங்கவயலில் பாதிப் பேரைப் போல அவரும் விடியுமுன் ரயிலேறி, நான் தூங்கிய பிறகு வீடு திரும்புவார். அப்படிப்பட்டவர் எங்கள் பகுதியான சாம்பியன் ரீப்ஸிலேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நிற்கப்போகிறார் என்றால் கொண்டாட்டம்தானே. அம்மா ஏன் தட்டில் போட்ட சோற்றை ஆறவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

விஷயம் இதுதான். பெங்களூரில் ஓர் ஓவியர் அம்மா இருந்தார். வண்ணத்தோடு நிஜ ரத்தினக் கற்களையும் கடல் முத்துகளையும் பதித்துப் படம் செய்கிறவர். பொன் விளைந்த ஊரில் தன் படங்களை ஒரு முறை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பழைய கிளப் ஹால் ஒன்றைப் பிடித்தார்கள். காவலுக்கு அப்பாவின் கம்பெனியிடம் ஆள் கேட்டார்கள். உள்ளூர்க்காரர், ஜனங்களோடு பேசத் தெரிந்தவர் என்று மேனேஜர் அப்பாவைத் தள்ளிவிட்டார்.

"இது நம்ம ஊரு. எது காணாம போனாலும் நம்மளத்தான் கேப்பாங்க. முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றாள் அம்மா.

"முடியாதுன்னா, வேலைய வுட்டு போன்னுவான்" என்றார் அப்பா.

டூட்டியை ஒப்புக்கொண்டுவிட்டார். தினமும் ராத்திரி ரயிலிறங்கி வருகிற வழியில் ஹால் பக்கம் போய் ஜன்னல் கொக்கிகளை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஊரே வந்து பார்க்க வேண்டும் என்று ஓவியர் ஆசைப்பட்டுக்கொண்டிருக்க, ஒருவரும் வரக்கூடாது கர்த்தரே என்று எங்கள் வீட்டில் ஜெபம் நடந்தது.

கர்த்தர் ஓவியரின் பக்கம் சாய்ந்துவிட்டார். முதல் நாளே கூட்டம் திரண்டது. அனுமதி இலவசம் என்று போர்டு வைத்தால் எங்கள் ஊர் சும்மா இருக்குமா? தங்கவயலின் அந்தக் கோடியில் இருக்கும் பாலகாட்டிலிருந்து ஆட்டோ பிடித்துக்கூட வந்தார்கள். பள்ளி விட்டதும் நானும் ஓடினேன். பெரியவர்கள் துணையில்லாமல் பிள்ளைகளை விடமாட்டார்களாம். சொந்த அப்பாவே என்னை வாசலில் நிறுத்திவிட்டார்.

வாசலில் நின்றதும் நல்லதாய்ப் போயிற்று. இல்லாவிட்டால் அந்தக் கூத்தைப் பார்த்திருக்க முடியாது. நான் பிறப்பதற்கு முன்பே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அது ஓடிய காலத்தில், ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்கள் பொன் துணுக்கு எதையும் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று தலை முதல் கால் வரை சோதித்துத்தான் கேட்டைத் தாண்ட விடுவார்கள். அந்தப் பழக்கம் போகுமா? ரிட்டயராகிப் பல வருஷமான மாமாக்கள் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். கதவருகே யூனிபாரத்தில் ஒரு ஆளைக் கண்டதும் தன்னால் நின்று இரண்டு கைகளையும் தூக்கினார்கள். ஒருவர் வாயைத் திறந்து நாக்கையும் மடித்துக் காட்டினார்.

"அய்யோ மாமா, அதெல்லாம் கெடையாது. கைய எறக்குங்க, போங்க" என்று அப்பா கெஞ்சினார். அவருக்கும் வெட்கம், அவர்களுக்கும் வெட்கம். அப்புறம் எல்லோருமாகச் சிரித்தார்கள். நான் வீட்டில் அதை நடித்துக் காட்டியபோது அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவே என்னை அழைத்துப் போனாள். படம் பார்க்கிற ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. அப்பாவை ஒரு தடவை கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். முத்துக் கண்காட்சிக்கு முத்தில்லாமல் போவதாவது என்று, திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் முத்துமாலையை நான் எடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஹாலில் பெரிய கூட்டம் மழைப் படத்தின் முன்னால்தான். சுரங்கத்துக் கழிவு மண் மலையாய்க் குவிந்து கிடக்கிறதே, அதைத்தான் வரைந்திருந்தார். அதன்மேல் மழை பெய்கிறது. ஒவ்வொரு துளியும் ஒரு முத்து. கீழே தேங்கிய தண்ணீருக்கு நீலக் கற்கள். இவை வளர்ப்பு முத்தல்ல, கடலில் தானாக விளைந்தவை என்று ஓவியருக்கு உதவியாக வந்திருந்த அக்கா விளக்கினாள். எனக்குப் பெரிய ஏமாற்றம். ஒன்று கோணல், ஒன்று சப்பை, ஒன்று மஞ்சள். என் மாலையில் இருந்தவை இதைவிட உருண்டை, இதைவிட வெள்ளை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அதைச் சொல்லியும்விட்டேன். அக்கா சிரித்தாள்.

அதே அக்கா மூடும் நேரத்தில் தன் போனில் இருந்த போட்டோவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, அன்றைக்கு மேற்பார்வைக்கு வந்திருந்த மேனேஜரிடம் ஓடினாள். மலையின் இடது பக்கத்தில் ஒரு துளியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் பசைப் பொட்டு மட்டும்தான் மிச்சம்.

மேனேஜர் கதவைச் சாத்தச் சொன்னார். எல்லோரையும் செக் பண்ண வேண்டும் என்றார். என் தோளைப் பிடித்திருந்த அம்மாவின் கை இறுகி இறுகி எனக்கு வலித்தது. முத்து கிடைக்காவிட்டால் அப்பாவின் வேலை போய்விடும் என்பது எனக்கே தெரிந்தது. பயத்தில் எனக்கு ஒன்றுக்கு வருவது போல இருந்தது.

மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார். "உங்க பேமிலியா? எப்ப வந்தாங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மாலை நல்லா இருக்கே பாப்பா. இப்படி வா, பாக்கலாம்" என்று கையை நீட்டினார். இத்தனை கலவரத்திலும் ஒரு மனிதர் எங்களை விசாரித்து, என் மாலையையும் கவனித்தாரே என்று எனக்குப் பெருமையாகிவிட்டது. காட்டுவதற்காக ஓர் அடி எடுத்து வைத்தேன்.

அதற்குள் அப்பா நடுவில் வந்துவிட்டார். "நான் பாக்கறேன் சார். என் பொண்ணுகிட்டருந்தே ஆரம்பிக்கறேன்."

என் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பாவாடைப் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டினார். வாயைத் திறக்கச் சொன்னார். ரிப்பனை அவிழ்த்துப் பின்னலைப் பிரித்து, முடிக்குள் விரல்விட்டு அலசினார். அவசரத்தில் முடியை வெடுக்கென்று இழுத்துவிட்டார். என்மேல் அவ்வளவு கோபம் என்று நினைத்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் இருக்க, பெற்ற மகளையா முதல் திருடியாக்க வேண்டும்? எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மா யாரும் கேட்காமலே தன் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

அதற்குப் பிறகு யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமாக்கள் வரிசை கட்டிக் கைகளைத் தூக்கினார்கள். அவர்களைப் பார்த்து, சுரங்கத்துக்குள் ஒரு நாளும் இறங்கியறியாத அவர்கள் பிள்ளைகளும் தூக்கினார்கள். அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தார்.

டீ குடிக்கப் போயிருந்த ஓவியர் அப்போதுதான் கதவைத் தட்டினார். உள்ளே ஊரே கைதூக்கி நிற்பதைக் கண்டு மிரண்டுபோனார். விஷயத்தைக் கேட்டதும் நேராகப் போய், மழைப் படத்தை ஆணியிலிருந்து எடுத்து இப்படியும் அப்படியும் சாய்த்தார். உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பசை விட்டுக் கழன்ற முத்து சட்டத்தின் அடி ஓரத்தில் மறைந்து கிடந்திருக்கிறது. படத்தின் மேல் கண்ணாடி போட்டிருந்தது. அந்தக் கண்ணாடி முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. கண்ணாடிக்குள் இருக்கும் முத்தை எவன் எப்படி எடுப்பான் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மேனேஜரை விடுங்கள், எங்களுக்கே தோன்றவில்லை. சோதனை என்றதும் எங்கள் ஊருக்குக் கையைத் தூக்கத்தான் தெரிந்தது.

"கண்ணாடிக்குள்ளாற கீறதுக்கு நாம இன்னாத்துக்குப்பா கைய தூக்கினோம்?" என்றார் ஒரு மாமா. கேட்டவரின் கை இன்னும் முழுசாக இறங்கவில்லை.

ஓவியர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார். மேனேஜர் அப்பாவின் தோளைத் தட்டி, "குட்" என்றார். அப்பா கதவைத் திறந்துவிடப் போனார்.

மறுநாள் கண்காட்சியின் கடைசி நாள். அப்பா யூனிபாரத்தை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். சர்ச்சுக்கு நேரமாகிறது என்று அம்மா சீப்போடு உட்கார்ந்தாள். நான் தலையைக் கொடுக்கவில்லை.

"அப்பா ஏன் என்ன திருடின்னு நெனச்சாரு?"

அம்மா சீப்பை மடியில் வைத்தாள். "யாரு, உங்கப்பாவா? அந்த ஆளு கை உன் மேல பட்டிருந்தா, உங்கப்பா இன்னைக்கு டூட்டிக்கே போயிருக்க மாட்டாரு. வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு வூட்லதான் இருந்திருப்பாரு." சொல்லிவிட்டு அழுதாள்.

இதில் அழ என்ன இருக்கிறது என்று நான் யோசித்தேன். அப்பா வீட்டில் இருப்பதே ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான். அதுவும் இந்த வாரம் போயிற்று. மேனேஜர் கூப்பிட்டபோதே ஓடிப்போய் அவர் முன்னால் நின்றிருந்தால் அப்பா இந்நேரம் எங்களோடு இருந்திருப்பாரே. இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்திருக்கலாம் என்று வருத்தப்பட்டுக்கொண்டே அம்மாவிடம் தலையைக் கொடுத்தேன்.