வாசிகசாலைப் பேச்சும் வாப்பாவின் வயலும்

எங்கள் வாசிகசாலையில் மாதாமாதம் நடந்த விவாதப் போட்டியை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. யார் மேல் எரிச்சல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஐம்பதுகளின் நடுவில், கல்முனைக் கடைத்தெருவில் இரண்டே அறைகளில் அது இருந்தது. முன்னறையில் பத்திரிகைகள், பின்னறையில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகங்கள். வெள்ளிக்கிழமைகளில், வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் பத்திரிகையை உரத்துப் படிப்பார். மாதக் கடைசியில், பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு, முன்னறையில் மேடை போட்டு ஒலிபெருக்கி வைத்து விவாதம். தலைப்பை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதை மட்டும் மேடையேறும் நேரத்தில் சீட்டு எடுத்துத் தீர்மானிப்போம். நடுவராக இருந்தவர் ஓய்வுபெற்ற மெதடிஸ்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். பேசத் தெரிந்தவனுக்கு இரண்டு பக்கமும் பேசத் தெரிய வேண்டும் என்பார். அது எங்களுக்கு விளங்கியது. ஊருக்கு விளங்கியதா என்று ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை.

அந்த மாதத் தலைப்பு, விவசாயமா வியாபாரமா என்பது. எனக்கு அப்போது இருபது வயது. விவசாயத்துக்காகப் பத்து நாள் மெனக்கெட்டு ஆயத்தம் செய்திருந்தேன். மாவடிப்பள்ளிப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு வயல் இருந்தது. வாப்பாவுக்குப் பிறகு அதை நான்தான் செய்வேன் என்று மனதுக்குள் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

சீட்டைப் பிரித்தால் வியாபாரம் என்றிருந்தது.

கோபத்தில் விளாசித் தள்ளிவிட்டேன். வானத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து கோணிப்போனவன் விவசாயி என்றேன். வெள்ளத்துக்குப் பாதி, யானைக்குப் பாதி கொடுத்துவிட்டு வைக்கோலை வீட்டுக்குக் கொண்டுவருகிறவன் என்றேன். கல்யாண வீட்டில் வெடித்த குதிகாலைப் பாய்க்கடியில் ஒளிப்பவன் என்றேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அப்போதுதான் கடைசி வாங்குப் பலகையில் வாப்பா இருப்பதைக் கண்டேன். அதுவரை வாசிகசாலைப் படியையே மிதிக்காதவர். மண்வெட்டிப் பிடி வாங்கக் கடைத்தெருவுக்கு வந்தவர் என் குரலைக் கேட்டு உள்ளே வந்திருக்கிறார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. முதற்பரிசும் எனக்கே கிடைத்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது ஒன்றும் பிடிபடவில்லை. வாப்பா என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய், பூட்டிக்கிடந்த ஒரு கடையைக் காட்டி, "காத்து வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். ஏன் கேட்கிறார் என்று தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, சம்மாந்துறையிலிருந்து நிறைய வயல்வாய்க்கால் உள்ள ஒரு போடியார் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். உம்மா என் முகத்தையே பார்க்கவில்லை. தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், வயலைச் சீதனமாக எழுதப்போகிறார்கள் என்று ஊகித்தேன். ஆனால் வந்தவருக்கு வாப்பாவின் வயது. அவருக்கு மகன் யாரும் இல்லை என்பது ஊரறிந்த விசயம். அந்த ஊகமும் பொருந்தவில்லை.

"என்ன உம்மா நடக்குது?" என்று கேட்டேன்.

"ஒனக்குத் தெரியாததா?" என்றார் உம்மா. அதோடு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

கடைசியில் மாமா, உம்மாவின் தம்பி, போட்டு உடைத்தார். "வயலை அந்தப் போடியாருக்கு விலைக்குக் குடுக்கிறதெண்டு வாப்பா பேசி முடிச்சிட்டார். ஒனக்குக் கடை வெச்சித் தரப்போறார். நீதானே சபையில கேட்டாய்?"

"நான் எப்ப மாமா கேட்டன்?"

மாமா என்னை விசித்திரமாகப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் மகன் தன் விருப்பத்தை வாப்பாவின் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. மாமாவிடம் சொல்லுவான், இல்லாவிட்டால் நாலு பேர் கூடிய இடத்தில் பொதுப்படையாக ஒரு சொல்லைப் போட்டுவைப்பான். வாப்பாவும் தெரிந்துகொள்வார். நான் ஊரையே கூட்டிவைத்து, ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறேன். எனக்கு வயல் வேண்டாம் என்று வாப்பா விளங்கிக்கொண்டதில் என்ன பிழை?

ஓடிப்போய் வாத்தியாரைக் கூட்டிவந்தேன். வாப்பா அவருக்குக் கதிரை போட்டார். சீட்டு எடுப்பதை, புள்ளி போடுவதை, மனதில் இல்லாததையும் பேசிப் பழகுவதை, எல்லாவற்றையும் வாத்தியார் பொறுமையாக விளக்கினார். வாப்பா, "ஓம் சேர், ஓம் சேர்," என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப மற்றச் சீட்டு வந்திருந்தா என்ன சொல்லியிருப்பாய்? சொல்லன், கேப்பம்."

பத்து நாள் ஆயத்தம் செய்த பேச்சு அப்படியே நெஞ்சில் இருந்தது. வாயைத் திறந்தேன். ஒரு வரி வரவில்லை. மேடையில் அருவியாய்க் கொட்டிய வாய், அவர் முன்னால் கட்டிக்கொண்டது. அவர் காத்திருந்தார். வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அந்த வயல் வேணும், வாப்பா," என்றேன். என் ஆசையை அவர் முகத்துக்கு நேரே நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

போடியாரிடம் தாம் வந்து எடுத்துச் சொல்லவா என்று வாத்தியார் மெதுவாகக் கேட்டார். வாப்பா தலையை ஆட்டி மறுத்தார்.

"வாக்குக் குடுத்திட்டன், சேர்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ வேணாமெண்டாய் எண்டுதானே, மகன், குடுத்தன். எனக்கு மட்டும் அந்த வயலை விட்டுக்குடுக்க மனம் இருந்திச்சா?"