முஸ்தலிஃபாவுக்கு ஒரு படுக்கை

ஆசியாவுக்கு ஒரு புடவை எடுக்க மூன்று நாள் வேண்டும். முதல் நாள் பார்ப்பாள், இரண்டாம் நாள் எடுப்பாள், மூன்றாம் நாள் கொண்டுபோய் மாற்றுவாள். கும்பகோணத்து ஜவுளிக்கடையில் அவள் தலை தெரிந்தாலே பாதிப்பேர் சாப்பிடப் போய்விடுவார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்தெட்டாம் வயதில், ஒரே ஓர் இரவுக்குப் படுக்கை தேர்ந்தெடுக்கும் வேலை வந்து சேர்ந்தது.

அது இரண்டாயிரமாவது வருடம். சம்பா அறுப்பு முடிந்து, அவர்கள் ஊரான ராஜகிரியைச் சுற்றி ரோடெல்லாம் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தது. ஆசியாவுக்கும் அவள் கணவர் மீரா உசேனுக்கும் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள். மக்காவுக்குப் பக்கத்தில் மினாவில் கூடாரம், அதில் மெல்லிசாக ஏதோ விரித்திருப்பார்கள் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அடுத்து முஸ்தலிஃபா என்கிற இடத்தில் ஓர் இரவு வெட்டவெளியில், தரையில் படுக்க வேண்டும். அங்கே கூடாரமும் இல்லை, விரிப்பும் இல்லை. நாம் கொண்டு போவதுதான்.

பதினேழு வயதில் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் வெளியே படுத்த இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். போதாததற்கு முழங்கால் வலி. தரையில் படுத்தால் யாராவது கைகொடுத்துத் தூக்க வேண்டும். இலட்சக்கணக்கான ஜனங்களுக்கு நடுவில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் என்ன செய்வது?

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் சொந்தக்காரர், அண்டை அயலார் வீடுகளுக்கெல்லாம் போய் மாப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் பொறுக்க வேண்டும். ஆசியாவின் கணக்கில் நாற்பத்தொரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வசனம்: "அறிஞ்சோ அறியாமலோ ஏதாவது செஞ்சிருந்தா மாப்புச் செய்யுங்க." அவர்களும் கண் கலங்கி மாப்புச் செய்துவிட்டு, எங்களுக்காகவும் அல்லாஹ்விடம் துஆக் கேளுங்க என்பார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். இவள்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "முஸ்தலிஃபாவுக்கு எதைக் கொண்டு போறது?" என்று கேட்டுத் தொலைப்பாள்.

இரண்டு தடவை போய் வந்த ஹபீபுன்னிசா, பிளாஸ்டிக் பாய்தான் என்று அடித்துச் சொன்னாள். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்ளலாமாம். அடுத்த வீட்டில், பிளாஸ்டிக்கில் படுத்தால் முதுகு வேர்க்கும், கோரைப்பாய்தான் குளிர்ச்சி என்றார்கள். அதற்கடுத்த வீட்டில், அந்த மாதத்தில் ராத்திரி நடுங்குமே, குளிர்ச்சி எதற்கு என்று கேட்டு மடிக்கிற ஸ்பாஞ்சு மெத்தை ஒன்றைக் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள். ஆசியா வீட்டு வயலைக் குத்தகைக்குச் செய்கிற தங்கையன் அரிசி கொண்டு வந்தபோது அவரையும் விடவில்லை.

"வைக்கோலு பரப்பிப் படுத்தா ராஜா மெத்த கூடக் கிட்ட வராதும்மா," என்றார் அவர். கொஞ்சம் யோசித்து, "பிளேன்ல ஏத்துவாங்களான்னுதான் தெரியல," என்றார்.

இதற்குள் ஜித்தாவில் இருக்கும் மகன் அன்சார், ஊருக்கு வந்த ஒருவரிடம் காற்றடிக்கிற மெத்தை ஒன்றைக் கொடுத்துவிட்டான். மலையிலும் காட்டிலும் கூடாரம் போட்டுத் தங்குகிற வெள்ளைக்காரர்கள் வைத்திருப்பதாம். பம்பை மட்டும் அனுப்ப மறந்துவிட்டான். மீரா உசேன் வாயை வைத்து ஊதி, முகம் சிவந்து, பாதியில் உட்கார்ந்துவிட்டார். ஆசியா ஏறிப் படுத்தாள். புரண்டாள். மறுபக்கம் தரையில் கிடந்தாள். சாயங்கால அஸர் தொழுகை முடித்து வந்து பார்த்தால் மெத்தை, காய்ந்த வாழையிலையாகக் கிடந்தது.

கூடத்தில் நான்கு படுக்கைகள் வரிசையாக விரிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் படுத்து எழுந்து பார்த்ததில் முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். எது மெத்தென்று இருந்ததோ அதிலிருந்து எழ முடியவில்லை. எதிலிருந்து எழ முடிந்ததோ அதில் படுக்க முடியவில்லை. 

"லத்தீஃபா வீட்டுக்குப் போனியா?" என்றார் மீரா உசேன்.

"மொதல்ல இந்தப் பாய் வெவகாரம் முடியட்டுங்க."

"நாப்பது வீட்டுக்குப் போயிட்டே. அது அடுத்த தெருதானே?"

அவள் பாயைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

லத்தீஃபா அவள் கொழுந்தன் சலாஹுதீனின் மனைவி; ஆசியாவை அக்கா முறையில் 'லாத்தா' என்பாள். பத்து வருடத்துக்கு முன் குவைத்தில் சண்டை வந்தபோது, அங்கே இருந்த புருஷனும் பெண்டாட்டியும் எட்டு வயது மகள் அனீஸாவும் கட்டிய துணியோடு எல்லை தாண்டி, ஜோர்தான் பாலைவனத்தில் கூடாரத்தில் நாற்பது நாள் கிடந்து, ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தார்கள். நேரே ஆசியாவின் வீட்டுக்குத்தான் வந்தார்கள். வேறெங்கே போவார்கள்? அப்போது ஆசியாவின் மகள் நஃபீசாவின் கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. சீருக்கென்று தைத்த மூன்று இலவம்பஞ்சு மெத்தைகள் ஓர் அறையில் அடுக்கியிருந்தன. அனீஸாவுக்குக் காய்ச்சல். ஒரு மெத்தை கொடுங்க லாத்தா, புள்ளைக்கு மட்டும் என்று லத்தீஃபா கேட்டாள். சீர் மெத்தை அழுக்காகிவிடும் என்று சொல்லி, ஆசியா அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கூடத்தில் பழைய பாயைப் போட்டுக் கொடுத்தாள். நான்காம் நாள் அவர்கள் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கல்யாணம், மையத்து என்று நல்லது கெட்டதில் பார்த்தால் "வாங்க", "வர்றேன்", அவ்வளவுதான்.

ஆசியா கெட்டவள் இல்லை. ஆனால் அன்றைக்குச் செய்தது கெட்ட காரியம்தான். அது அவளுக்கும் தெரியும். லத்தீஃபா மாப்புச் செய்யாவிட்டால் இந்த ஹஜ்ஜே எதற்கு என்று இருந்தது. போய்க் கேட்டு, முடியாது என்று அவள் சொல்லிவிட்டால்? அந்தப் பயத்துக்குப் பாய் ஒரு நல்ல சாக்காக இருந்தது.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு பிற்பகலில் ஒருவழியாகப் போனாள். லத்தீஃபா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வாங்க லாத்தா என்று நாற்காலி போட்டாள். ஆசியா உட்கார்ந்தாள். வசனத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வாயில் வந்ததோ வேறு.

"முஸ்தலிஃபாவுல தரையில படுக்கணுமாம். நீ படுத்துப் பழகினவ. எதைக் கொண்டு போகட்டும்?"

கேட்ட பிறகுதான், எந்த இடத்தில் கை வைத்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. லத்தீஃபா உள்ளே போய், டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டு வந்தாள். தரையில் விரித்து, மேலே ஒரு போர்வையை நான்காக மடித்துப் போட்டாள்.

"மணல்ல குளிரு கீழேருந்துதான் ஏறும். எந்தப் பாயும் தடுக்காது. அட்டைதான் தாங்கும். நாங்க தண்ணி பாட்டில் வந்த பெட்டியிலதான் படுத்தோம். படுத்துப் பாருங்க."

ஆசியா சுவரைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். உண்மைதான். உறுத்தவில்லை, புதையவும் இல்லை. மல்லாந்து கிடந்தபடியே, லத்தீஃபாவின் முகத்தைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

"லத்தீஃபா, அறிஞ்சோ அறியாமலோ..."

"அப்படிச் சொல்லாதீங்க லாத்தா. அறிஞ்சுதான் செஞ்சீங்க. அதைச் சொல்லுங்க."

நாற்பது வீட்டில் வழுக்கிக்கொண்டு வந்த வசனம் இங்கே உதவவில்லை. ஆசியாவுக்குக் கண்ணீர் இரண்டு காதுப் பக்கமும் வழிந்தது.

"மூணு மெத்தை இருந்துச்சு. சாவி என் இடுப்புல இருந்துச்சு. புள்ள காய்ச்சல்ல கெடந்தது. நான் தொறக்கல."

லத்தீஃபா மாப்புச் செய்கிறாளா, இல்லையா? எழுந்து போய்விடலாமா? ஆசியா கையை ஊன்றிப் பார்த்தாள். முழங்கால் மடங்கவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். லத்தீஃபா நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூடாரத்துல நாப்பது நாள் கெடந்தோம், எனக்கு ஒண்ணும் தெரியல," என்றாள். "உங்க வீட்டுக் கூடத்துல படுத்த அன்னிக்கு அனீஸா கேட்டா. 'அம்மா, திரும்பக் கூடாரத்துக்கே போயிடலாமா'ன்னு. எனக்கு அதுதான் லாத்தா ஆறல."

ஆசியா முகத்தை மூடிக்கொண்டாள். இதைவிட அறைந்திருக்கலாம் என்று தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"மாப்புச் செஞ்சுட்டேன். அங்க போயி இதையே சொல்லி அழுதுகிட்டு இருக்காதீங்க. அனீஸாவுக்கு நல்ல எடம் அமையணும்னு கேளுங்க."

"கேக்குறேன். மூணு மெத்தையும் நான்தான் தெச்சுத் தருவேன். புது இலவம்பஞ்சு. கும்பகோணத்துல நானே போயி நல்ல துணியா எடுத்து..."

"நீங்க துணி எடுக்கறதுக்குள்ள அவளுக்குப் புள்ள பொறந்துடும். மொதல்ல எந்திரிங்க," என்று சொல்லி லத்தீஃபா அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

ஆசியா அட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கூடத்தில் கிடந்த நான்கு படுக்கைகளையும் அன்று மாலையே சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள்.