உரசுவதற்கு ஒரு சொல்

சாயங்காலம். கோவில்பட்டி பேருந்து நிலைய டீக்கடையில் நிற்கிறேன். கப்பல் வேலையில் நான் ஸ்பானிஷ் கற்றவன் என்று தெரிந்ததும், பக்கத்தில் நிற்கும் தீப்பெட்டி ஆலை முதலாளி பையிலிருந்து மாதிரி லேபிள் ஒன்றை எடுத்து நீட்டுகிறார். மெக்சிகோவுக்கு அவர் அனுப்பும் முதல் சரக்கு. நாளைக்கு லேபிள் அச்சுக்குப் போகிறதாம்.

"இங்கன உரசவும்னு போட்டிருக்கேன். சரியான்னு பாருங்க அண்ணாச்சி."

'உரசவும்' என்பதற்கு ஸ்பானிஷில் 'உவெல்கா' என்றிருக்கிறது.

"யார் மொழிபெயர்த்தது?"

"நாந்தான். இங்கிலீசுல உரசுறதுக்கு ஸ்டிரைக்னுதானே போடுதோம்? டிக்‌ஷனரில அதுக்கு மொத வார்த்தை இதான்."

"இது தொழிலாளிகள் பண்ற ஸ்டிரைக். 'இங்கே வேலைநிறுத்தம் செய்யவும்'னு அர்த்தம் வருது."

அவர் முகம் வெளிறிப்போகிறது.

"மெதுவாச் சொல்லுங்க. நம்ம ஆலைப் பொம்பளையாளுக பஸ்ஸுக்குப் பின்னாலதான் நிக்காவ."

ஆனால் அவர்கள் காதில் விழுந்துவிட்டது. ஒருத்தி கேட்கிறாள்: "மொதலாளி, என்னைக்குன்னு போட்டிருக்கு?"

கடையே சிரிக்கிறது. அவரும் சிரித்தபடி பேனாவை என்னிடம் தருகிறார். 'ஃப்ரோத்தே' என்று திருத்தி எழுதுகிறேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்:

"இதுக்கு வேற அர்த்தம் ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி?"