மெஷின் அருகில் நிற்பவர் பெயர்

மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது செய்தி வந்தது. ஸ்டெல்லா இறந்துவிட்டார். மாரடைப்பு. ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் கூப்பிய கைகள் வரிசை கட்டியிருந்தன. அவரை ‘முட்டுக்கட்டை மேடம்’ என்று கேலி செய்தவர்கள்தான் முதலில் அனுப்பியிருந்தார்கள். எனக்கு அழுகைக்கு முன் ஆத்திரம்தான் வந்தது.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஆலையின் நெட்வொர்க் அவர் பொறுப்பு. மெஷின் விற்ற கம்பெனிக்காரர் தன் ஊரில் இருந்தபடியே இணையம் வழியாக அதைத் தொட்டுப் பழுதுபார்க்க ஒரு வழி உண்டு, டனல் என்போம். அதில் வருபவர் எந்த மெஷினில், எந்த போர்ட் என்னும் இணைப்பு வாசல் வரை, எவ்வளவு நேரம் போகலாம் என்று விதி எழுதியவர் ஸ்டெல்லா.

அதற்கு முன் விதியே கிடையாது. உள்ளே வந்தவர் எதையும் தொடலாம். ஒருநாள் பம்ப்பைச் சோதிக்க வந்தவர் மெஷின் நம்பரைத் தவறாகத் தட்டிவிட்டார். பக்கத்தில் தகடு அழுத்தும் பிரஸ் இறங்கியது. அச்சைத் துடைத்துக்கொண்டிருந்த ஏழுமலை வேறு துணி எடுக்கத் திரும்பியிருந்ததால் கை தப்பியது. பிரஸ் பராமரிப்பு என் பொறுப்பு. மெயின் சுவிட்சை அணைக்காமல் ஏன் துடைத்தாய் என்று நான் ஏழுமலையைத் திட்டினேன். ஸ்டெல்லா என்னைப் பிடித்துக்கொண்டார். “அவர இன்னாத்துக்கு சார் திட்டிக்கினு கீறீங்க? தொறந்து வுட்டது நாமதானே?”

அன்றே எல்லாவற்றையும் மூடினார். பிறகு கேட்ட மெஷின், கேட்ட போர்ட், கேட்ட நேரம் மட்டும். அவருடைய படிவத்தில் முதல் கட்டமே ‘மெஷின் அருகில் நிற்பவர் பெயர்’. அதை நிரப்பாவிட்டால் படிவம் நகராது. அந்த ஆளை போனில் கூப்பிட்டு, “உள்ள யார் கையாவது கீதா? பாத்து சொல்லு” என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பார். ஆலையில் இருந்து இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்த போனை எடுத்திருப்பீர்கள். உற்பத்தி மேலாளர் தாமதம் என்று குதிப்பார். “பேஜாரு” என்று நானும் முணுமுணுத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்துக்கு மறுநாள் கேன்டீனில் இரங்கல் கூட்டம். “ஸ்டெல்லாதான் நம் ஆலைக்குக் காவல்” என்று மேலாளர் தழுதழுத்தார். வேறு ஆள் வரும்வரை விதிகளை என்னைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கூட்டம் முடிந்து பட்டியலைத் திறந்தேன். அன்று காலையில் மேலாளரே ஒரு விதி போட்டிருந்தார்: எல்லா மெஷின், எல்லா போர்ட், முடியும் நேரம் இல்லை. மெஷின் அருகில் நிற்பவர் பெயர்: ஸ்டெல்லா.

நேரே போய்க் கேட்டேன். “ஏதோ ஒரு பேரு போட்டாதான போவுது? அதான் போட்டேன். இன்னா இப்போ?” என்றார். புதைத்த மண் காயவில்லை. அதற்குள் ஸ்டெல்லாவை பிரஸ் முன்னால் நிறுத்திவிட்டார். மேலாளர் கண்ணெதிரே அந்த விதியை அழித்தேன்.

ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வி. நேற்று பிரஸ் பழுது. கம்பெனிக்காரர் காத்திருந்தார்; மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினார். ஏழுமலையைக் கூப்பிட்டேன்.

“உள்ள யார் கையாவது கீதா?”

“என் கைதான் சார் கீது. இருங்க.”

இருந்தேன். மேலாளர் கத்திக்கொண்டே இருந்தார்.