செய்திகள் வாசிப்பது ரேடியோ

அவருக்கு வைத்த பெயர் வேறு. பேச ஆரம்பித்த நாளிலிருந்தே வாய் திக்கியது. "ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி கரகரங்கிறான் பாரு" என்று அப்பா ஒருநாள் சொன்னார். அவ்வளவுதான், அன்றிலிருந்து வீட்டில் அவர் ரேடியோ. அண்ணனும் அக்காவும் அப்படியே கூப்பிட்டார்கள். பின்னால் பிறந்த பிள்ளைகளுக்கும் அவர் ரேடியோ மாமா, ரேடியோ சித்தப்பாதான். தலை நரைத்த பிறகும் அது மாறவில்லை.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. முன்கடையிலிருந்து ஒரு தட்டில் சீட்டும் பிரேமும் வரும். தேய்த்த லென்ஸ் அதே தட்டில் திரும்பிப் போகும். சக்கரம் சுற்றும் இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. அந்த இரைச்சலுக்காகவே அவர் வேறு வேலை தேடவில்லை.

மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டிய இடம். ஆனால் வீட்டுக்கு வந்தால், அவர் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பாள். குறுக்கே புகுந்து வாக்கியத்தை முடித்துவைக்க மாட்டாள். பெண் பார்க்கப் போன அன்றே அப்படித்தான் காத்திருந்தாள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவளைக் கட்டிக்கொண்டதாக அவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. அதற்கும் காத்திருந்தாள்.

அம்மாவுக்கு எண்பது முடிகிறது, சொந்தமெல்லாம் கூடப் போகிறது என்று அண்ணன் போன் செய்தார்.

"டேய் ரேடியோ, அப்பா பதிஞ்ச கேசட்டெல்லாம் என் வீட்டுப் பரண்ல கிடக்குது. அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடு. அன்னிக்கு ஸ்பீக்கர்ல போட்டுடலாம். இந்த மாதிரி நோண்டுற வேலையெல்லாம் உனக்குத்தான் சரிப்படும்."

"ச... சரிண்ணா."

"அந்தச் செய்தி இருக்கு பாரு, அதை விட்டுடாதே. அதுதான் ஹைலைட்டே."

மறுநாள் ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது.

அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா டேப் ரிக்கார்டரை நடுக்கூடத்தில் வைத்து, வானொலிக்காரர் மாதிரி குரலைக் கனமாக்கிக்கொண்டு, 'குடும்ப நிகழ்ச்சி' நடத்துவார். முதலில் அம்மா பாட்டு. அடுத்து அக்கா ஒரு கவிதை ஒப்பிப்பாள். அண்ணன் மிமிக்ரி செய்வான். கடைசியில் செய்திகள். வாசிப்பது ரேடியோ. ப எழுத்து வந்தால் அவன் வாய் பூட்டிக்கொள்ளும். அது தெரிந்தே அப்பா பேப்பரில் பிரதமர், பாராளுமன்றம், பற்றாக்குறை என்று தேடித் தேடிச் சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுப்பார். குழந்தை நின்று திணறும். குடும்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். விருந்தாளி வந்தால் தட்டில் பலகாரம் வைத்த கையோடு அந்தக் கேசட்டையும் போட்டுக் காட்டுவார்கள்.

பழைய சாமான் கடையில் கேசட் போடும் ஒரு டெக் வாங்கி வந்தார். உள்ளே பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு மாட்டினார். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, நாடா உரசிப்போகும் ஹெட்டைத் துடைக்கத் துடைக்கப் பஞ்சு காப்பி நிறத்துக்கு வந்தது. டெக்கின் பின்னாலிருந்து ஒரு ஒயரை லேப்டாப்புக்கு இழுத்துச் சாப்பாட்டு மேஜையில் கடையைப் பரப்பினார். முதல் கேசட்டில் அப்பாவின் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மங்கலாக வந்தது. ஹெட்டுக்குப் பக்கத்திலிருக்கும் குட்டித் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஒரு இடத்தில் பட்டென்று திரை விலகி, அப்பா எதிரில் உட்கார்ந்து பேசுவது போல ஆகிவிட்டது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

இந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. அவசரப்படுத்த முடியாது. ஒரு மணி நேரக் கேசட் ஓட ஒரு மணி நேரம்தான் ஆகும். அதுவரை கூடவே இருந்து, சத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து வயதிலிருந்து பதினோரு வயது வரைக்கும் பட்டதையெல்லாம் அதே வேகத்தில் மறுபடியும் உட்கார்ந்து கேட்டார்.

மனைவிக்கு இது எதுவும் தெரியாது. புகுந்த வீட்டில் கேலி செய்வார்கள் என்று தெரியும். அதைப் பதிந்தே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியோடு வந்து நின்றாள்.

"ப... ப... ப... பி... பிர..." என்று ஒரு குழந்தை மூச்சு வாங்கியது. பின்னால் சிரிப்பு. "என்னடா, பிரதமர் வர்ற வண்டி பஞ்சராயிடுச்சா?" என்றார் அப்பா. இன்னும் பெரிய சிரிப்பு. அதில் அம்மாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. "முழுசாப் படிச்சு முடிச்சாத்தான் சோறு. படி" என்றார் அப்பா. குழந்தை நின்றுவிட்டது. பளீரென்று ஒரு சத்தம். அதற்கும் சிரித்தார்கள்.

"நிறுத்துங்க" என்றாள் மனைவி.

"இ... இன்னும் அந்தப் பக்கம் பாக்கி இருக்கு."

"இதைப் போய் ஊரைக் கூட்டிப் போடப் போறாங்களா? உங்கம்மா உட்கார்ந்து கேக்கப் போறாங்களா?"

அவர் மறு பக்கத்தைத் திருப்பிப் போட்டார்.

ஏற்றி முடித்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. கம்ப்யூட்டர் திரையில் சத்தம் கோடாகத் தெரியும். அவருடைய குரல் எலி கடித்த மாதிரி துண்டு துண்டாக இருந்தது. சிரிப்பு புதர் மாதிரி அடர்ந்து கிடந்தது. கேட்காமலே பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்லிவிடலாம். எலி கடித்த இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்து அமைதியாக்கினார். வெட்டி ஒட்டவில்லை. அவர் பேசிய அளவுக்கு அங்கே வெறும் அமைதியை விட்டார். மற்றதையெல்லாம் அப்படியே வைத்தார். அம்மாவின் பாட்டில் இரைச்சலைக் கூடப் பார்த்துப் பார்த்துக் குறைத்தார்.

"எதுக்கு இது?" என்று மனைவி கேட்டாள்.

"எ... என் குரல் இருக்கிற வரைக்கும் அவங்க என்னைத்தான் கேப்பாங்க. அது இ... இல்லன்னா அவங்களை அவங்களே கேட்டுத்தானே ஆகணும்."

அங்கிருந்து எடுத்த அவர் குரல் துண்டுகளை அவள் சும்மா விடவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் போடச் சொன்னாள். போட்டார். சிரிப்பும் அப்பாவும் இல்லாமல் கேட்டபோது ஒரு பையன் மெதுவாகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தைக்கூட அரைகுறையாக விடவில்லை.

"இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றாள்.

அன்று இருவரும் தெம்பாகச் சாப்பிட்டார்கள்.

அம்மாவின் பிறந்தநாளன்று அண்ணன் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அம்மாவைப் பெரிய நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பத்திரமாகக் கொண்டுவந்த கேசட் பெட்டியையும், எல்லாவற்றையும் ஏற்றிய பென் டிரைவையும் அவர் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மனைவியோடு கதவோரம் நின்றுகொண்டார். அண்ணன் ஸ்பீக்கரை முடுக்கினார்.

அம்மாவின் பாட்டு வந்தது. அக்கா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அம்மா தன் இளம் குரலைக் கேட்டுத் தலையாட்டினாள். பிறகு செத்துப்போன அப்பாவின் குரல் கணீரென்று எழுந்தது. "அடுத்ததாகச் செய்திகள். வாசிப்பது ரேடியோ!" கூடத்தில் கைதட்டல்.

அப்புறம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஸ்பீக்கரில் ஒரு சிரிப்பு. மறுபடி அமைதி. "என்னடா, பிரதமர் வர்ற வண்டி பஞ்சராயிடுச்சா?" அமைதி. சிரிப்பு. "முழுசாப் படிச்சு முடிச்சாத்தான் சோறு. படி." அமைதி. பளீரென்று அறை. சிரிப்பு, சிரிப்பு, சிரிப்பு.

கூடத்தில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. அண்ணன் மருமகள் தரையைப் பார்த்தாள். அக்காவின் கை கண்ணருகே அப்படியே நின்றது. மனைவி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நாள் எதற்குக் காத்திருந்தாரோ அது வந்துவிட்டது என்று அவருக்குப் பட்டது.

அண்ணன் எழுந்தார்.

"அடடா, மெயின் பீஸே பதிவாகல போலிருக்கே! ரேடியோ, சொதப்பிட்டியேடா. சரி விடு, எனக்கு எல்லாம் மனப்பாடம்."

முதலிலிருந்து ஓட விட்டார். அமைதி வந்த இடத்தில் கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி, கட்டை விரலை மடக்கி, "ப... ப... ப... பி... பிர..." என்றார். மிமிக்ரி அவருக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் முடிக்கவும் ஸ்பீக்கரில் சிரிப்பு வெடித்தது. கூடமும் வெடித்தது. செத்தவரும் இருப்பவர்களும் ஒன்றாகச் சிரித்தார்கள். அடுத்த இடைவெளி, அடுத்த திக்கல், அடுத்த சிரிப்பு. இதுவரை அந்தக் கேசட்டைக் கேட்டிராத பேரப்பிள்ளைகள் போனை உயர்த்திப் படம் பிடித்தார்கள். தரையைப் பார்த்த மருமகளும் தோள் குலுங்கச் சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறி, அக்கா ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

"போதும், நிறுத்துங்க" என்று மனைவி சத்தம் போட்டாள்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "எதுக்கும்மா கோவம்? ஒரு தமாஷுக்குத்தானே. உன் புருஷனே சிரிக்கிறான், நல்லாப் பாரு."

அவள் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். உதடு இரண்டு பக்கமும் இழுபட்டு, பல் தெரிய, சின்ன வயதில் அறை வாங்காமல் இருக்கப் பழகிக்கொண்ட சிரிப்பு. அதை நிறுத்த வேண்டும் என்று அவருக்கே தெரிந்தது. முகம் கேட்கவில்லை.

இருவரும் வீடு திரும்பினார்கள். பூட்டைத் திறக்கும்போது, "நீங்க ஏன் சிரிச்சீங்க?" என்று அவள் கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் காத்திருக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து அம்மா போன் செய்தாள்.

"என் பாட்டு எவ்வளவு நல்லா வந்திருக்கு தெரியுமா? அதை மட்டும் தனியாப் போட்டுக் குடு. உங்கண்ணன் உன்னை அப்படியே உரிச்சு வச்சிட்டான்டா. ராத்திரி நினைச்சு நினைச்சுச் சிரிச்சேன்."

அவர் ஒரு முடிவோடுதான் போனை எடுத்திருந்தார். "அம்மா, இ... இனிமே நான் அங்க வ... வ... வர..."

"வர்றியா? வா வா. ஞாயித்துக்கிழமை வா. அண்ணன்கிட்டயும் சொல்லி வைக்கிறேன்."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வேலையைச் சொதப்பிவிட்ட வெட்கம், பாவம் என்று அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். அண்ணன் அந்தக் கேசட்டுகளை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து மறுபடி எடுக்கச் சொன்னார்.

ஒரு மத்தியானம் சக்கரத்தை நிறுத்திவிட்டு லென்ஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தபோது மேஜை மேல் போன் அதிர்ந்தது. குடும்பக் குரூப்பில் அண்ணன் ஒரு பதிவு போட்டிருந்தார். 'இப்போ ஒரு எழுத்து விடாம முழுசா இருக்கு. கேட்டு ரசிங்க.' கீழே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக ஏறிக்கொண்டே இருந்தன. மனைவியையும் அந்தக் குரூப்பில் சேர்த்திருந்தார்கள். அவள் ஏற்கெனவே வெளியேறியிருந்தாள்.

அவர் பதிவைத் திறக்கவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் பொத்தான் என்று தேடிக் கண்டுபிடித்து அவரும் வெளியேறினார். நிமிர்ந்து பெருமூச்சு விட்டார். தட்டில் அடுத்த பிரேம் வந்தது. சக்கரத்தைப் போட்டார்.

கடை மூடுவதற்குள் அண்ணன் அவரை மறுபடியும் சேர்த்துவிட்டார்.