ரத்னமாலா ராணியை மண்ணில் விட்ட கதை

சின்ன காஞ்சிபுரத்தில் ரத்னமாலாவைத் தெரியாத கல்யாண வீடு கிடையாது. பட்டுப்புடவை எடுத்த கையோடு ஜாக்கெட் தைக்க அவளிடம்தான் வருவார்கள். அளவெடுக்கும்போது ஒரு வார்த்தை பேசமாட்டாள். தோள்பட்டையில் சுருக்கம் விழுகிறது, கை இறுக்குகிறது என்று இருபது வருஷத்தில் ஒருத்தியும் திரும்பி வந்து நின்றதில்லை. ஆனால் அவள் மட்டும் பட்டு உடுத்தமாட்டாள். பட்டுப்பூச்சி என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்ட நாளோடு அது முடிந்தது. அப்படியென்றால் அடுத்தவர் பட்டுக்கு ஜாக்கெட் தைப்பது மட்டும் எப்படி என்று யாராவது கேட்டுவிட்டால், உடனே நாலு குண்டூசியை எடுத்து உதட்டில் வைத்துக்கொள்வாள். குண்டூசி வாயில் இருக்கும்போது பதில் சொல்ல முடியாதல்லவா?

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவள். பொழுது சாய்ந்தால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. குழாய் வாயில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்கும். வடிகட்டாத தண்ணீர் அந்த வீட்டில் கை கழுவக்கூடக் கிடைக்காது. கொசுவத்திச் சுருள் அந்த வாசற்படி ஏறியதே இல்லை. சர்க்கரை டப்பாவில் எறும்பு புகுந்தால் டப்பாவைத் திறந்து வெயிலில் வைத்துவிடுவாள். எறும்புகள் தாமாக மனம் மாறிப் புறப்படும்வரை அவள் புருஷன் வர்த்தமானுக்குச் சர்க்கரையில்லாத காப்பிதான். அரிசிக்கடை வைத்திருக்கும் அந்த மனிதர் நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவர், வீட்டில் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொள்வார். சர்க்கரை விஷயத்தில் பேசிப் பார்த்துத் தோற்றவர் அவர்.

வைகாசியில் கருடசேவை நாள். விடிவதற்கு முன்பே தெருவில் எள் போட்டால் விழாத கூட்டம். பெருமாள் தெருவைக் கடந்து, கூட்டமும் கலைந்த பிறகு, தன் தையல் கடை வாசலைப் பெருக்க வந்த ரத்னமாலாவின் காலடியில் ஏதோ கீச்சென்றது. அறுந்த செருப்புகளுக்கும் நசுங்கிய காகிதத் தட்டுகளுக்கும் நடுவில் ஒரு வாத்துக்குஞ்சு. சாயம் போட்டு விற்கிறார்களே, அதில் ஒன்று. விற்றவனின் பெட்டியிலிருந்து குதித்ததோ, வாங்கிய குழந்தையின் கையிலிருந்து நழுவியதோ, யாருக்குத் தெரியும்? முகூர்த்தப் புடவைகளில் வருமே, அதே ராணி நிறம், அடர்ரோஜா, அதன் உடம்பில். இத்தனை ஆயிரம் கால்களுக்கு நடுவில் மிதிபடாமல் எப்படித் தப்பியதோ! ரத்னமாலா அதை முந்தானையில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். அன்றே ராணி என்று பேரும் வைத்தாயிற்று.

வளர்க்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. ரெண்டு நாள் இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். வர்த்தமான் தலையாட்டினார். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தெருநாய் விஷயத்திலும் இதே ரெண்டு நாள்தான். அது பதினோரு வருஷம் இருந்துவிட்டுப் போனது.

ராணிக்கு நடந்த உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. வர்த்தமான் கடையிலேயே உசத்தியான, பளபளவென்று பாலிஷ் போட்ட பொன்னி அரிசியைக் குழையக் குழைய வடித்து, பருப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து ஊட்டுவாள். குடிக்க வடிகட்டிய தண்ணீர். படுக்கப் பட்டன் அட்டைப்பெட்டி. அவள் மிஷின் மிதிக்கும்போது ராணி அவள் காலடியில் டைல்ஸ் தரையில் சறுக்கிச் சறுக்கி ஓடும். மிஷின் நின்றால் கீச்சிடும். இவள் குனிந்து என்னம்மா என்பாள். யாரிடமும் அளந்து பேசும் ரத்னமாலா அந்த ஒரு ஜீவனிடம் மட்டும் ஓயாமல் பேசினாள்.

மூன்றாம் நாள் கொல்லைப்புறம் கொண்டுபோய் விட்டாள். ராணி மண்ணைக் கண்டதும் கழுத்தை நீட்டியது. துணி துவைக்கும் கல்லோரம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த கட்டெறும்புகளில் ஒன்றைக் கண்மூடித் திறப்பதற்குள் கொத்தி விழுங்கிவிட்டது. ரத்னமாலா ஓடிப்போய்த் தூக்கினாள். அதோடு சரி. அப்புறம் ராணியின் கால் மண்ணில் படவே இல்லை. எறும்பையும் காப்பாற்றியாயிற்று, குஞ்சையும் பாவத்திலிருந்து காப்பாற்றியாயிற்று என்று அவளுக்கு நிம்மதி. அன்று ராத்திரி வர்த்தமானிடம் பெருமையாக அதைச் சொல்லவும் செய்தாள்.

எட்டாம் நாளிலிருந்து ராணி ஓடுவது குறைந்தது. முதலில் சோம்பல் என்று நினைத்தாள். பிறகு பார்த்தால் நாலு எட்டு வைத்து உட்கார்ந்துகொள்கிறது. கால்கள் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்து, முட்டி வீங்கின மாதிரி இருந்தது. பத்தாம் நாள் எழுந்திருக்கவே இல்லை. பசி வந்தால் சின்னச் சிறகுகளைத் துடுப்பு மாதிரி அடித்து, வயிற்றாலேயே தேய்ந்து தேய்ந்து அவள் காலடிக்கு வந்தது. அதைப் பார்த்ததும் ரத்னமாலா தைத்துக்கொண்டிருந்த மணப்பெண் ஜாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். வர்த்தமான் கடைக்கு ஆள் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். பட்டன் பெட்டி, பின்னால் உட்கார்ந்த ரத்னமாலாவின் மடியில்.

கால்நடை மருத்துவர் பிரவீனா சின்ன வயசுப் பெண். குஞ்சைக் கையில் எடுத்து, காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, என்ன கொடுக்கிறீர்கள், எங்கே விடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்னமாலா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பொன்னி அரிசி, வடிகட்டிய தண்ணீர், டைல்ஸ் தரை, கட்டெறும்பு எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் குஞ்சைப் பெட்டியில் இறக்கிவைத்தார். பிறகு விளக்கினார். வாத்துக்குஞ்சுக்கு பி-3 என்கிற நியாசின் சத்து கோழிக்குஞ்சைவிடக் கூடுதலாகவே வேண்டும். அது இல்லையென்றால் கால் இப்படித்தான் மடங்கும். பாலிஷ் போட்ட அரிசியில் அந்தச் சத்து தவிட்டோடு போய்விடுகிறது. வழுக்குகிற தரையில் கால் பரப்பிக்கொண்டு போனது இன்னும் கெடுதல். அவித்த முட்டையின் மஞ்சள் கரு, பொடி மீன், புழு பூச்சி இதெல்லாம் அதன் இயல்பான சாப்பாடு என்றார்.

முட்டை என்றதும் வர்த்தமான் மின்விசிறியைப் பார்த்தார். ரத்னமாலாவின் மனம் வேறொன்றில் நின்றிருந்தது.

"நான் போட்ட சாப்பாட்டாலதான் இது இப்படி ஆச்சா, டாக்டர்மா?"

"ஆமாம்மா. தெரியாமதான் பண்ணீங்க. ஆனா அதாலதான்."

எறும்பைக்கூட நோகடிக்காமல் வாழ்ந்த பெண்மணி, கையில் ஏந்தி ஊட்டிய ஒரு குஞ்சை அந்தக் கையாலேயே முடமாக்கியிருக்கிறாள். டாக்டரும் அவர்கள் விரதத்தைப் புரிந்துகொண்டவர்தான். முட்டைப் பேச்சை விட்டுவிட்டார். நியாசின் மாத்திரையைப் பொடித்து, எழுதிக்கொடுத்த அளவில் தினமும் குடிதண்ணீரில் கலக்க வேண்டும். அரிசித் தவிடு, வேர்க்கடலைத் தூள், வேகவைத்து மசித்த பட்டாணி கொடுக்கலாம். டைல்ஸ் வேண்டவே வேண்டாம், சாக்கு விரிக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் வயிற்றைத் தாங்கிப் பிடித்து நீந்தவிட வேண்டும். கடைசியாக, கொஞ்சம் தேறியதும் மண்ணில் விட வேண்டும்.

"மண்ணுல விட்டா புழுவைத் தின்னுமே," என்றாள் ரத்னமாலா.

"தின்னும்மா. அது வாத்து. மாத்திரை போட்டா எழுந்து நிக்கும். காலு பலமாகணும்னா தரையில நடந்து, தேடித் தின்னணும். எலும்பு இப்பதான் இளசா இருக்குது. ஒரு வாரத்துக்குள்ள நடக்க ஆரம்பிக்கலைன்னா அப்புறம் ஆயுசுக்கும் இப்படியேதான்."

அந்த ஒரு வாரம் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். தையல் மேஜையில் துணி இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் பேசின். ரத்னமாலா புடவையைச் செருகிக்கொண்டு, இரண்டு விரலால் ராணியின் வயிற்றைத் தாங்கி, உதை உதை என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வலது கால் உதைக்கும், இடது கால் சும்மா மிதக்கும். அதனால் ராணி முன்னால் போகாமல் வட்டமடிக்கும். வர்த்தமான் ரைஸ்மில்லுக்குப் போய், உமியில்லாத புதுத் தவிடாகப் பார்த்துச் சலித்து வாங்கிவந்தார். ஊருக்கெல்லாம் வெள்ளை வெளேரென்று அரிசி விற்கிற மனுஷன், தவிட்டுப் பையை அணைத்துக்கொண்டு வந்த காட்சியை அந்தத் தெரு லேசில் மறக்காது. கல்யாண ஜாக்கெட் கேட்டு வந்த ஒரு மாப்பிள்ளையின் அம்மா முணுமுணுத்தாள். முகூர்த்தத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, என் குஞ்சுக்கு அஞ்சு நாள்தான் இருக்கிறது என்று ரத்னமாலா சொன்னதும் அந்த அம்மாள் பட்டாணி மசிக்க உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் ராணி நின்றது. ஆடி ஆடி, பத்து எண்ணும் நேரம். ஐந்தாம் நாள் சாக்கின் மேல் மூன்று எட்டு வைத்தது. ஆனால் இடது கால் இன்னும் இழுத்தது. சாக்கு முடிகிற இடத்தில் அதுவும் நின்றுவிடும். டாக்டர் போனில் கேட்டார், மண்ணில் விட்டீர்களா என்று. நாளைக்கு என்றாள் ரத்னமாலா. மறுநாளும் கேட்டார். பூனை நடமாட்டம் இருக்கிறது என்றாள். அந்தத் தெருவில் பூனையே கிடையாது. பொய் சொல்வதில்லை என்று விரதம் வைத்திருப்பவள் சொன்ன பொய் அது. போனை வைத்துவிட்டு, அவளே வர்த்தமானிடம் வந்து ஒப்புக்கொண்டாள்.

"கண்ணு முன்னால ஒரு உசுரு போறதை எப்படிங்க பார்த்துக்கினு நிக்கறது? என் கையால கொண்டாந்து விட்டு?"

வர்த்தமான் ராணி இருந்த பெட்டியை அவள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

ஏழாம் நாள் மத்தியானம் இடியோடு மழை கொட்டியது. நாலு மணிக்கு விட்டது. கொல்லையில் மண் ஊறிப் பொதபொதவென்று கிடந்தது. அரைமணி நேரம் ரத்னமாலா பின்வாசலில் ராணியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். சாயம் பாதி போய், அடியிலிருந்து மஞ்சள் மயிர் எட்டிப் பார்த்த குஞ்சு அவள் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருந்தது. மழை விட்டதும் சாப்பிடலாம் என்று வந்த வர்த்தமான் சத்தம் போடாமல் பின்னாலேயே நின்றார். அவள் இறங்கினாள். ஈரமண்ணில் ராணியை வைத்துக் கையை எடுத்தாள்.

முதலில் அது அசையவில்லை. மண்ணைக் கொத்தியது, மூக்கை உதறியது. ஒரு எட்டு வைத்தது. இடது கால் சேற்றில் அழுந்தி, அழுந்திய இடத்தில் பிடிப்புக் கிடைத்து, மேலே வந்தது. துவைக்கும் கல்லின் பக்கம் சிவப்பாக ஏதோ நெளிந்தது. ராணி பார்த்துவிட்டது. அவ்வளவுதான், கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடியது. நடக்கவில்லை, ஓடியது. இரண்டு காலும் மாறி மாறிச் சேற்றை உதைக்க, ஏழெட்டு எட்டு. மண்புழுவின் ஒரு முனையைக் கவ்வி, பின்னால் சாய்ந்து இழுத்து, விழுந்து எழுந்து, மறுபடி இழுத்து, தலையை அண்ணாந்து விழுங்கியது.

ரத்னமாலாவின் கை தூக்குவதற்கென்று பாதிவரை போனது. அங்கேயே நின்றது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பாமல் கடைசிவரை பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் கூப்பி, மன்னிச்சுக்கோ என்று மெதுவாகச் சொன்னாள்.

வர்த்தமான் படியிறங்கி வந்தார்.

"புழுகிட்டயா கேட்ட?"

"அதுகிட்டயும்தான்," என்றாள் ரத்னமாலா. "ஆனா முதல்ல இதுகிட்டங்க. இவ்ளோ ஓடத் தெரிஞ்சதை நான் உட்கார வெச்சிருந்தேனே."

ராணி அதற்குள் அடுத்ததைத் தேடிப் போய்விட்டிருந்தது. ரத்னமாலா அதைக் கூப்பிடவில்லை.