அம்மாவுக்கு நான் போட்ட கோடுகள்

இப்போது நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், இன்று எத்தனை முடித்தாய் என்று தினமும் மாலையில் கணினியில் ஒரு கட்டம் கேட்கும். எண்ணைப் போட்டுவிட்டு எழுந்தால் முதுகு வலிக்கிறது. என்ன செய்தாய் என்று அது கேட்டதே இல்லை. அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், திருவண்ணாமலையில் அம்மா வேலை செய்த லாட்ஜின் கரும்பலகை ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும்.

அம்மா அங்கே அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். நான் நாலாம் வகுப்பு. புதிதாக வந்த மேனேஜருக்கு எதையும் எண்ணிப் பார்த்தால்தான் நம்பிக்கை. பின்வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டி, நான்கு பெண்களின் பெயரை எழுதி, ஓர் அறை முடிந்ததும் அவரவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடச் சொன்னார். மாதத்தின் கடைசி வாரத்தில் யாருக்குக் கோடு கம்மியோ அவரை நிறுத்திவிடுவதாகவும் சொன்னார்.

அம்மாவுக்குத்தான் கம்மி. மற்றவர்கள் ஒன்பது, பத்து என்று போக, அம்மா ஏழிலேயே நிற்பாள். எல்லாம் குளியலறையால் வந்தது. மலையை வெறுங்காலோடு சுற்றிவிட்டு வருகிறவர்கள், வலிக்கு முட்டி வரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். தரையெல்லாம் எண்ணெயாகிவிடும். மற்றவர்கள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிடுவார்கள். அம்மா சோப்புத்தூள் போட்டு, நாரால் தேய்த்துக் கழுவி, கடைசியில் தன் வெறுங்காலை வைத்து இழுத்துப் பார்ப்பாள். வழுக்கினால் மறுபடியும் முதலிலிருந்து தேய்ப்பாள்.

“சும்மா தண்ணி ஊத்திட்டு வந்தா இன்னாமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“மலை சுத்திட்டு காலு ஓஞ்சி வர்றவங்கடி. வுழுந்தா எழுந்துக்குவாங்களா?” என்றாள்.

எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. அப்பா போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. பயமாக இருந்தது. அம்மா கடைசியில் நிற்பது வெட்கமாகவும் இருந்தது.

பௌர்ணமிக்கு மறுநாள் பள்ளி விட்டதும் லாட்ஜுக்குப் போனேன். அன்று அறைகள் காலியாவதும் நிரம்புவதுமாக இருந்ததில், யார் எதை முடித்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அம்மா பெயருக்கு நேரே ஏழு கோடுகள் இருந்தன. பலகைக்கடியில் சாக்பீஸ் கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மூன்று கோடு சேர்த்துப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்து எண்ணினார். அம்மாவைக் கூப்பிட்டார்.

“பரவால்லியே! கூட்ட நாள்லயே பத்து முடிச்சிட்டீங்க. இத்தினி நாளா ஏழுலயே நின்னீங்களே? நாளைலருந்து தினம் பத்து ரூம் பாத்துக்குங்க.”

அம்மா பலகையைப் பார்த்தாள். பிறகு சாக்பீஸ் ஒட்டியிருந்த என் விரல்களைப் பார்த்தாள்.

“சரிங்க சார்,” என்றாள். வேறு என்ன சொல்லியிருப்பாள்? கோடு பொய் என்று சொன்னால் வேலை அன்றைக்கே போயிருக்கும்.

வழியெல்லாம் திட்டுக்காகக் காத்திருந்தேன். அவள் திட்டவே இல்லை. மாதக் கடைசியில், ஒன்பதைத் தாண்டாத வேறொருவரை நிறுத்தினார்கள். அம்மாவின் வேலையை நான்தான் காப்பாற்றினேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து அறை என்றான நாளிலிருந்து அம்மா இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் காலை நீட்டிப் படுத்துவிடுவாள். நான் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். உள்ளங்கால் சோப்புத்தூளில் ஊறி, வெளுத்து வெடித்திருக்கும்.

“இன்னிக்கு எத்தினி ரூம்மா?”

“பத்து.”

எனக்கு ஒரே சந்தோஷம். “நாளைக்குப் பதினொண்ணு முடியுமாமா?” என்று கேட்டேன்.

அம்மா என் கையிலிருந்து காலை மெதுவாக இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.